மலைக் குள்ளப் போசமும் நிலத்தின் தடைகளும்: சிறு பாலூட்டிகளின் மரபணுத் தனிமை

பாறைமுகடு எழுதியது:

இரண்டு விலங்குக் கூட்டங்களின் மரபணுக்கள் ஏன் வேறுபட்டுப்போயின என்று கேட்டால், அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் பலரும் முதலில் சொல்கிறோம். சிறு பாலூட்டிகளைப் பொறுத்தவரை இந்த விடை பாதிக் கிணறுகூடத் தாண்டுவதில்லை என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் மலைக் குள்ளப் போசத்தை முன்வைத்து இதை விவாதிக்க விரும்புகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமான அறிமுகம். இது சுமார் 45 கிராம் எடையுள்ள பைப்பாலூட்டி. நியூ சவுத் வேல்ஸின் வோம்பியன் குகைகளில் கிடைத்த புதைபடிவ எலும்புகளைக் கொண்டு 1890களில் ராபர்ட் புரூம் இதை விவரித்தார். அதன்பின் எழுபது ஆண்டுகள் இது அழிந்துபோன விலங்கு என்றே கருதப்பட்டது. 1966இல் விக்டோரியா மாநிலத்தின் ஹோதம் மலையில், பனிச்சறுக்கு வீரர்கள் தங்கும் குடில் ஒன்றில் உயிருடன் அகப்பட்டபோதுதான் இன்னும் இருக்கிறது என்பதே தெரியவந்தது. இன்று மூன்று இடங்களில் மட்டுமே வாழ்கிறது: நியூ சவுத் வேல்ஸின் கோசியஸ்கோ மலைப்பகுதி, விக்டோரியாவின் ஹோதம் மலையும் போகாங் மேட்டுநிலமும் சேர்ந்த பகுதி, அதற்கு மேற்கே 1,805 மீட்டர் உயரமுள்ள புல்லர் மலை. புல்லர் மலையில் இது இருப்பது 1996 வரை யாருக்கும் தெரியாது.

புல்லருக்கும் ஹோதமுக்கும் நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர். ஒரு பறவைக்கு இது காலை உணவுக்கு முந்தைய பயணமாக இருக்கலாம். இந்தப் போசத்துக்கோ இடையில் உள்ள பள்ளத்தாக்குகளும், அவற்றை நிறைத்திருக்கும் யூகலிப்டஸ் காடுகளும் கடக்கவே முடியாத நிலம். இது வாழ்வது பெரும்பாறைக் குவியல்களின் இடுக்குகளில். அந்தக் குவியல்கள் உயர்ந்த சரிவுகளில்தான் இருக்கின்றன. பனியூழியில் குளிர் கீழ்ச் சரிவுகள் வரை இறங்கியிருந்தது. பின்னர் நிலம் வெப்பமடைய, மரங்கள் மேலேறின. போசம் சிகரங்களுக்குப் பின்வாங்கியது. புல்லர் கூட்டம் மற்றவற்றிலிருந்து 20,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருக்கிறது என்று மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

என் கேள்வி இதுதான். இவ்வளவு நீண்ட பிரிவைத் தாங்கி நின்ற ஒரு கூட்டம், கண்டுபிடிக்கப்பட்ட பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 300 விலங்குகளிலிருந்து 40 அளவுக்குச் சுருங்கி, மரபணுப் பல்வகைமையின் பெரும்பகுதியை இழந்தது ஏன்? பழைய தனிமைதான் காரணம் என்றால் அது ஏன் இத்தனை காலம் காத்திருந்தது?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல தொடக்கம், பாறைமுகடு அவர்களே. உங்கள் கடைசிக் கேள்விக்கு வருமுன், "தனிமை" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்வுகளை நாம் அடைத்துவிடுவதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

தூரம் கூடக்கூட மரபணு வேறுபாடு கூடும் என்று 1943இல் சீவால் ரைட் கணித முறையில் காட்டினார். அவர் கணக்கில் நிலம் சமதளம். எந்தத் திசையில் சென்றாலும் ஒரே அளவு கடினம். 2003இல் மானெல், ஷ்வார்ட்ஸ், லூயிகார்ட், தபெர்லே ஆகியோர் நிலவமைப்பு மரபியல் என்று ஒரு துறைக்குப் பெயர் சூட்டியபோது அந்த எளிமைப்படுத்தலைத்தான் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 2006இல் பிராட் மெக்ரே இன்னும் ஒரு படி சென்று, நிலத்தை மின்சுற்றாகப் பாவித்தார். ஒவ்வொரு சதுர நிலத்துக்கும் ஒரு மின்தடை மதிப்பு. இரு கூட்டங்களுக்கு இடையே ஒரே ஒரு வழி இருந்தால் தடை அதிகம், பல வழிகள் இணையாக ஓடினால் தடை குறைவு. மிகக் குறுகிய பாதையை மட்டும் அளப்பதைவிட இது இயற்கைக்கு நெருக்கமானது. ஏனெனில் பல தலைமுறைகளில் மரபணுக்கள் எல்லா வழிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன.

இது முதல் நிகழ்வு: கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது. இரண்டாவது, ஒரு கூட்டம் தனக்குள்ளேயே பல்வகைமையை இழப்பது. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நியூயார்க் நகரப் பூங்காக்களில் வாழும் வெண்கால் எலிகளை ஜேசன் முன்ஷி-சவுத் குழுவினர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மிகச் சிறந்த சான்று. 14 பசுமைத் திட்டுகளிலிருந்து எடுத்த எலிகளில், மரபணுவைப் பார்த்தே இது எந்தப் பூங்காவின் எலி என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிந்தது. தார்ச்சாலையும் கட்டடமும் அவ்வளவு உறுதியாகப் பிரித்துவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு பூங்காவுக்குள்ளும் பல்வகைமை உயர்வாகவே இருந்தது. அந்தத் திட்டுகளில் எலிகளின் அடர்த்தி அதிகம். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் தற்செயல் இழப்பு மெதுவாகத்தான் நடக்கும்.

கணக்கு எளிது. ஒரு மரபணுவின் தாய்வழி வந்த பிரதியும் தந்தைவழி வந்த பிரதியும் வேறுபட்டிருக்கும் விகிதம், ஒவ்வொரு தலைமுறையிலும், இனப்பெருக்கத்தில் உண்மையில் பங்கேற்கும் எண்ணிக்கையின் இரு மடங்கில் ஒரு பங்கு குறையும். பங்கேற்பவை 50 என்றால் தலைமுறைக்கு 1 விழுக்காடு. பங்கேற்பவை 10 என்றால் 5 விழுக்காடு. பத்துத் தலைமுறையில் 40 விழுக்காடு போய்விடும். இந்தக் கணக்கில் பிரிந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற எண்ணே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 20,000 ஆண்டுப் பிரிவு புல்லர் போசத்தை ஹோதம் போசத்திலிருந்து வேறுபடுத்தியது. அதை வறுமையாக்கியது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்து ஆண்டுகளின் எண்ணிக்கைச் சரிவு.

---

ஆல்பைன்வாசி எழுதியது:

நான் விக்டோரியாவில் வசிக்கிறேன். ஹோதம் மலைச் சரிவுகளில் கோடைகாலங்களில் நடந்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன சரிவுக்கு நிலத்தில் என்ன காரணம் என்பதை நான் சேர்க்கிறேன்.

முதலில் அந்தப் பாறைக் குவியலைக் கண்முன் கொண்டுவர வேண்டும். மேசை அளவும் பெட்டி அளவுமான கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும். பனியூழியின் உறைபனி பாறையைப் பிளந்து உருட்டிவிட்டவை அவை. கற்களுக்கு இடையே மண் இல்லை, வெற்றிடம்தான். கொளுத்தும் ஜனவரி நண்பகலிலும் அந்த இடுக்கில் கையை நீட்டினால் குளிர்ந்த காற்று விரலில் படும். ஓரங்களில் மலைப் பிளம் பைன் என்னும் படர்புதர், கற்களைத் தழுவியபடி வளர்ந்திருக்கும். அதன் விதை போசத்தின் உணவு. கோடையில் லட்சக்கணக்கான போகாங் அந்துப்பூச்சிகள் தொலைதூரச் சமவெளிகளிலிருந்து வந்து இதே இடுக்குகளில் ஒடுங்குகின்றன, அவையும் உணவு. குளிர்காலத்தில் மேலே பனி மூடிக்கொள்ள, அதன் அடியில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிலையாக இருக்கும்; வளர்ந்த போசங்கள் ஏழு மாதம் வரை அங்கேயே உறங்கும். சுருங்கச் சொன்னால், வீடும் களஞ்சியமும் குளிர்சாதனமும் அந்தக் கல்லடுக்குதான்.

பனிச்சறுக்குத் தடம் அமைப்பதென்றால் இந்தக் கற்களை அகற்றிச் சரிவைச் சமப்படுத்திப் புல் விதைப்பது என்று பொருள். மனிதக் கண்ணுக்கு அது பச்சைப் பசேலென்ற திறந்தவெளி. போசத்துக்கு அது நரியும் பூனையும் நடமாடும், ஒளிய ஓர் இடுக்குகூட இல்லாத வெட்டவெளி. போதாக்குறைக்கு, சறுக்குத் தடத்தில் பனியை இயந்திரங்கள் அழுத்திக் கெட்டிப்படுத்துகின்றன. காற்று நீங்கிய பனி குளிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

இங்கே நம்மிடம் ஓர் அரிய ஒப்பீடு இருக்கிறது. 2003இல் பெருங்காட்டுத்தீ இந்தப் போசத்தின் வாழிடத்தில் பெரும்பகுதியை எரித்தது. தீக்குப் பிறகு மரபணுப் பல்வகைமை குறைந்ததா என்று மித்ரோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தார்கள். கண்டறியத்தக்க இழப்பு எதுவும் இல்லை. அதே ஆய்வில், சுற்றுலா விடுதி வளர்ச்சியால் வாழிடம் அழிந்த இடத்தில் மட்டும் விரைவான இழப்பு தெரிந்தது. தீ புதர்களை எரித்தது, கற்களை விட்டுவைத்தது. புல்டோசர் கற்களை எடுத்துவிட்டது.

---

முல்லைநிலம் எழுதியது:

ஆல்பைன்வாசி அம்மா, ஹோதம் மலையில் போசங்களுக்காகச் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்ததாகப் படித்திருக்கிறேன். அதனால் புல்லர் கூட்டத்துக்கு ஏதேனும் பயன் உண்டா? ஒரு சாலையே இவ்வளவு சிறிய விலங்கைப் பிரித்துவிடுமா என்பதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

---

ஆல்பைன்வாசி எழுதியது:

புல்லருக்கு நேரடிப் பயன் இல்லை, அது வேறு மலை. ஆனால் அந்தச் சுரங்கத்தின் கதை நமது தலைப்புக்கு மிகவும் தொடர்புடையது.

இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் ஒன்றாக வாழ்வதில்லை. நல்ல பாறைக் குவியல்கள், உயரத்தில் இருப்பவை, பெண்களுக்கு உரியவை. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பவையும் அவைதான். ஆண்கள் வசந்தத்தில் இனச்சேர்க்கைக்காக மேலே வந்து, பிறகு தரம் குறைந்த கீழ்ச் சரிவுகளுக்குப் போய்விடும். ஹோதம் மலையின் ஹிக்கின்பாதம் சரிவில் சாலையும் கட்டடங்களும் இந்த வழியை அடைத்துவிட்டன. விளைவாக, வெளியேற வேண்டிய ஆண்கள் பெண்களின் இடத்திலேயே தங்கின. உணவிலும் இடத்திலும் போட்டி வந்தது. குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைக்கும் பெண்களின் விகிதம் சரிந்தது.

1980களின் நடுவில் சாலைக்கு அடியே சுரங்கம் அமைத்து, அதற்குள்ளும் இருபுறமும் கற்களை நிரப்பினார்கள். கற்களை நிரப்பியதுதான் முக்கியம். வெறும் குழாயைப் போட்டிருந்தால் எந்தப் போசமும் நுழைந்திருக்காது. சில வாரங்களிலேயே ஆண்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. பெண்களின் பிழைப்பு விகிதம் பாதிக்கப்படாத பகுதிகளின் நிலைக்குத் திரும்பியது. மான்செர்க், ஸ்காட்ஸ் இருவரும் இதை 1989இல் பதிவு செய்தார்கள். ஊரார் அதற்குக் காதல் சுரங்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அதன் பெரும்பயன், காதல் முடிந்தபின் ஆண்கள் வெளியேற வழி கிடைத்ததுதான்!

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

முல்லைநிலம் அவர்களின் சாலைக் கேள்விக்கு: எல்லாச் சாலையும் சமமாகத் தடுப்பதில்லை. தெற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் காட்டு வோல் எலிகளை ஆராய்ந்து கெர்லாக், முசோல்ஃப் இருவரும் 2000இல் வெளியிட்ட முடிவு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பெரும் நெடுஞ்சாலையின் இருபுறமும் இருந்த கூட்டங்கள் மரபணுவில் பிரிந்திருந்தன. கிராமச் சாலையும் ரயில் தண்டவாளமும் அத்தகைய பிரிவை உண்டாக்கவில்லை. அகலம், போக்குவரத்து, ஓரத்தில் புதர் இருக்கிறதா என்பவை எல்லாம் சேர்ந்துதான் தடையாகின்றன.

மறுபுறம், நியூயார்க் எலிகளைப் பற்றி 2012இல் வந்த அடுத்த ஆய்வு, மர நிழல் படர்ந்த தொடர்ச்சியான பசுமை வழியே மரபணுக்கள் ஓரளவு கடந்திருப்பதைக் காட்டியது. நேர்கோட்டுத் தூரத்தைவிட அந்த நிழல்வழித் தூரமே வேறுபாட்டை நன்றாக விளக்கியது.

---

ஐயவாதி எழுதியது:

இதுவரை நீங்கள் அனைவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம், அதாவது ஹோதம் மலையிலிருந்து ஆண் போசங்களைப் பிடித்துப் புல்லர் மலையில் விட்டது, எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதை வெற்றிக்கதையாக எல்லோரும் சொல்வதால், மாற்றுக் கோணத்தை இங்கே பதிகிறேன்.

20,000 ஆண்டுகளாகப் பிரிந்திருந்த இரண்டு கூட்டங்களைக் கலப்பது சிறிய முடிவு அன்று. ஃபிராங்கமும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் கலப்புக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள்: குரோமோசோம் அமைப்பில் நிலையான வேறுபாடு இல்லாமலும், கடந்த 500 ஆண்டுகளுக்குள் மரபணுப் பரிமாற்றம் இருந்தும், இரு வாழிடங்களும் ஒத்தும் இருந்தால் ஆபத்து குறைவு. புல்லர் போசம் இரண்டாவது விதியை நாற்பது மடங்கு மீறுகிறது.

500 ஆண்டு என்பது அதிகப்படியான எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள மடெய்ரா தீவைப் பார்க்க வேண்டும். மனிதர்களின் கப்பலில் வந்து சேர்ந்த சாதாரண வீட்டு எலிதான் அங்கே இருக்கிறது. செங்குத்தான மலைகள் தீவைக் குறுக்கே பிரிக்கின்றன. எலிகள் கரையோரப் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கின. பிரிட்டன்-டேவிடியனும் குழுவினரும் 2000இல் அறிவித்தபடி, அந்தச் சிறு தீவில் ஆறு வெவ்வேறு குரோமோசோம் வகைகள் தோன்றிவிட்டன. வீட்டு எலிக்கு வழக்கமாக 40 குரோமோசோம்கள். அங்கே ஒரு வகையில் 22 மட்டுமே. குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் வந்த மாற்றம் இது. பல வகைகளுக்கு இடையே பிறக்கும் கலப்பு எலிகளின் கருவுறுதிறன் குறையும் என்பதே எதிர்பார்ப்பு. இத்தனையும் மனிதன் தீவுக்கு வந்த பிறகு, சில நூற்றாண்டுகளில். நிலத்துக்கு நேரம் அதிகம் தேவையில்லை.

பாலூட்டிகளில் கலப்பு தோற்ற கதையும் உண்டு. ஐரோப்பாவின் தத்ரா மலைகளில் மீண்டும் குடியேற்றிய ஐபெக்ஸ் என்னும் காட்டு ஆடுகளோடு, மேற்கு ஆசியாவிலிருந்து வெப்பநாட்டு ஆடுகளைக் கொண்டுவந்து கலந்தார்கள். கலப்பு ஆடுகள் தவறான பருவத்தில் இணைசேர்ந்து, கடுங்குளிரில் குட்டி போட்டன. குட்டிகள் மடிந்து, கூட்டமே அழிந்தது. ஆடு சிறு பாலூட்டி அன்று என்பதை அறிவேன். ஆனால் ஏழு மாதம் உறங்கும் விலங்குக்குப் பருவக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தவிரவும், புல்லர் மலையில் அதே காலத்தில் நரி, பூனைக் கட்டுப்பாடும் வாழிடச் சீரமைப்பும் நடந்தன. எண்ணிக்கை உயர்ந்ததற்கு அவை காரணமா, கலப்பு காரணமா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

---

பாறைமுகடு எழுதியது:

ஐயவாதி அவர்களின் கடைசிக் கேள்விதான் கூர்மையானது. அதற்கு முதலில் விடை சொல்கிறேன்.

ஆண் போசங்கள் 2010இலும் 2011இலும் கொண்டுவரப்பட்டன. பிறகு ஆண்டுதோறும் பொறிவைத்துப் பிடித்த விலங்குகளின் காதிலிருந்து சிறு துணுக்குத் திசு எடுத்து, அது புல்லர் வழியா, கலப்பா என்று மரபணுவில் பார்த்தார்கள். ஆண்ட்ரூ வீக்ஸ் தலைமையில் 2017இல் வந்த கட்டுரையின் வலு இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. கலப்புப் போசமும் கலப்பில்லாத போசமும் அதே பாறைகளில், அதே ஆண்டுகளில், அதே நரிக் கட்டுப்பாட்டின் கீழ் வாழ்ந்தன. வாழிடச் சீரமைப்பு இரண்டுக்கும் பொது. அப்படியிருந்தும் தொடக்கத் தலைமுறைகளில் கலப்பினவற்றின் தகுதி, அதாவது பிழைத்துச் சந்ததி தரும் திறன், மற்றவற்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. உடல் பெரிதாக இருந்தது. கலப்புப் பெண்கள் பையில் அதிகக் குட்டிகளை வளர்த்தன, அதிக காலம் வாழ்ந்தன. அந்த மலையில் அதுவரை பதிவானவற்றில் மிக உயர்ந்த எண்ணிக்கையைக் கூட்டம் எட்டியது. எண்ணிக்கை உயர்வு முழுவதையும் கலப்பின் கணக்கில் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆய்வாளர்களும் கலப்பு பங்களித்திருக்கக்கூடும் என்றுதான் எழுதினார்கள். ஆனால் கலப்பினவற்றுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நரிக் கட்டுப்பாட்டால் விளக்க முடியாது.

மடெய்ராவும் தத்ராவும் நீங்கள் சொல்லும் மூன்று விதிகளில் வேறு வேறு விதிகளைத் தொடுகின்றன. மடெய்ராவில் குரோமோசோம் மாறியது. தத்ராவில் தட்பவெப்பம் முற்றிலும் வேறான இடத்து விலங்கு வந்தது. ஹோதமும் புல்லரும் ஒரே மலைத்தொடரின் ஒத்த உயரங்கள். ஒரே பனி, ஒரே அந்துப்பூச்சி, ஒரே உறக்கக் காலம். பிரிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை ஆபத்துக்கான பதிலியாக மட்டுமே அந்த விதியில் இடம்பெறுகிறது. பிரிந்த காலத்தில் இரு நிலங்களும் விலங்கிடம் வேறு வேறு கோரிக்கைகளை வைத்தனவா என்பதே நாம் உண்மையில் அறிய வேண்டியது. இங்கே அப்படித் தோன்றவில்லை.

ஆண்களை மட்டும் கொண்டுவந்ததிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெண்களின் நிலையான வசிப்பிட அமைப்பு கலையவில்லை. மேலும் மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய்வழியாக மட்டுமே செல்வதால், கலப்புக் குட்டிகள் அனைத்திலும் அது புல்லர் மலையினதாகவே நீடிக்கிறது.

---

நெடுவழி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தடை என்றால் நாம் சாலை, காடு, பள்ளத்தாக்கு என்று கண்ணுக்குத் தெரிபவற்றையே பேசிக்கொண்டிருக்கிறோம். வட அமெரிக்காவின் பைகாவைக் குறிப்பிடாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. அதற்கு வெப்பமே சுவர்.

பைகா முயலின் உறவு. கைப்பிடிக்குள் அடங்கும், வட்டக் காது கொண்டது. இதுவும் பாறைக் குவியல்வாசிதான், ஆனால் உறங்குவதில்லை. கோடை முழுவதும் புல்லறுத்துக் காயவைத்துக் குளிர்காலத்துக்குப் போர் போட்டு வைக்கும். அடர்ந்த ரோமமும் உயர்ந்த உடல் வெப்பமும் கொண்ட இந்த விலங்கு வெயிலைத் தாங்காது. ஆண்ட்ரூ ஸ்மித் 1970களில் காட்டியபடி, நிழலுக்கு ஒதுங்க முடியாமல் அடைக்கப்பட்டால், நமக்கு இதமான 25, 26 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே சில மணி நேரத்தில் இறந்துபோகும். ஆகவே இரண்டு பாறைக் குவியல்களுக்கு நடுவே உள்ள வெயில் படும் வெற்றுச் சரிவு அதற்குக் கடல்.

ஒரேகான் மாநிலத்தின் கிரேட்டர் ஏரித் தேசியப் பூங்காவில் காஸ்டியோவும் குழுவினரும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு ஓட்டத்தைத் தடுத்தவற்றுள் ஒன்று மேற்கு நோக்கிய சரிவுகள். மாலை வெயில் விழும் பக்கம் அது. மற்றவை நீர்ப்பரப்பும் கரடுமுரடான நில ஏற்றத்தாழ்வும். வரைபடத்தில் ஒரே உயரம், ஒரே தூரம் உள்ள இரு பாதைகளில் ஒன்று திறந்தும் மற்றொன்று மூடியும் இருக்கக் காரணம், சூரியன் எந்த நேரத்தில் அதன்மேல் விழுகிறது என்பதே.

கலிபோர்னியாவின் போடி என்ற கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊரும் நினைவுக்கு வருகிறது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய கற்குவியல்களில் பைகாக்கள் குடியேறின. சுற்றிலும் சேஜ் புதர்வெளி. நடுவே தீவுகள்போலக் குவியல்கள். ஒரு குவியலில் அழிந்தால் பக்கத்துக் குவியலிலிருந்து மீண்டும் குடியேறும் இந்த ஏற்பாட்டைப் பல பத்தாண்டுகள் கண்காணித்தார்கள். வடபகுதிக் குவியல்கள் நீடித்தன. தென்பகுதியில் குடியேற்றம் இழப்பை ஈடுகட்ட முடியாமல் ஒவ்வொன்றாகக் காலியாகின. மனிதன் நிலத்தைச் சிதைத்து உண்டாக்கிய வாழிடம் அது என்பது தனி முரண். புல்லரில் கல்லை எடுத்தோம், போடியில் கல்லைக் கொட்டினோம்.

---

முல்லைநிலம் எழுதியது:

அப்படியானால் சூடு கூடக்கூட, இன்று வழியாக இருக்கும் சரிவே நாளை தடையாகிவிடும் அல்லவா? மரபணு அதை உடனே காட்டுமா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

காட்டாது, இந்தத் துறையின் பெரிய தலைவலி அதுதான். ஒரு தடை எழுந்தபின் மரபணுவில் அதன் தடம் தெரியப் பல தலைமுறைகள் ஆகும். அதுவரை நாம் அளப்பது பழைய நிலத்தின் நிழலை. ஆண்டுக்கு ஒருமுறை குட்டி போடும் விலங்கில், பத்து ஆண்டுக்கு முன் போட்ட சாலை இன்னும் மரபணுவில் பதிந்திருக்காது. கூட்டம் சிறியதாக இருந்தால் தடம் விரைவில் தெரியும்; பெரியதாக இருந்தால் நூற்றாண்டுகூட ஆகலாம். ஆகவே "மரபணுவில் பிரிவு தெரியவில்லை, எனவே இந்தச் சாலையால் தீங்கு இல்லை" என்று சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையில் யாராவது எழுதினால் அதை நம்பாதீர்கள்.

தற்போதைய நடமாட்டத்தை அறியப் பெற்றோர்–குட்டி உறவைக் கண்டறியும் முறை உதவும். குட்டி இந்தக் குவியலிலும் தந்தை அந்தக் குவியலிலும் இருந்தால், இந்த ஆண்டே ஒருவர் கடந்திருக்கிறார்.

---

ஐயவாதி எழுதியது:

பாறைமுகடு அவர்களின் ஒப்பீட்டு வாதம் வலுவானது. கலப்பினவற்றின் தகுதி உயர்ந்தது உண்மை என்று கொள்கிறேன். இருப்பினும் "தொடக்கத் தலைமுறைகளில்" என்ற சொற்களை அடிக்கோடிட விரும்புகிறேன். முதல் கலப்புத் தலைமுறையின் ஊக்கம் எங்கும் காணப்படுவதுதான்: இரு பக்கத்திலும் இருந்த குறைபாடுள்ள பிரதிகள் ஒன்றையொன்று மறைக்கின்றன. பல தலைமுறைகள் கழிந்து அந்த மரபணுக்கள் மறுசேர்க்கையில் கலைந்து சேரும்போதுதான், நெடுங்காலம் ஒன்றாகப் பழகிய மரபணுச் சேர்க்கைகள் உடைந்ததன் விலை தெரியும். இதற்கு நீண்ட காலக் கண்காணிப்பு வேண்டும்.

இன்னொன்று. தலைமுறைக்கு ஒன்று முதல் பத்து வரை வெளி விலங்குகள் வந்தால் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 40 விலங்குகள் மட்டுமே உள்ள இடத்தில், இரு மடங்கு தகுதியுள்ள சந்ததியைத் தரும் சில ஆண்களை விட்டால், புல்லருக்கே உரிய மரபணு வகைகள் எவ்வளவு மிஞ்சும்? காப்பாற்றியது புல்லர் போசத்தையா, புல்லர் மலையில் வாழும் ஹோதம் போசத்தையா?

---

ஆல்பைன்வாசி எழுதியது:

அந்தக் கேள்வியைக் கேட்கும் வசதியே, மலையில் போசம் இருப்பதால்தான் நமக்குக் கிடைக்கிறது, ஐயா. 40க்குச் சரிந்த, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து நலிந்த கூட்டத்தை அப்படியே விட்டிருந்தால் புல்லருக்கே உரிய எல்லா வகைகளும் சேர்ந்தே போயிருக்கும். கலப்பில் பாதி மிஞ்சினாலும் பூஜ்யத்தைவிட மேல் என்பது என் நிலைப்பாடு.

ஆனால் கலப்பை மட்டும் நம்பக்கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். புல்லர் கூட்டம் சரிந்தது மலைகளுக்கு இடையே உள்ள பழைய பிரிவால் அன்று. மலைக்குள் சறுக்குத் தடங்கள் போட்ட புதிய பிரிவால். மருந்து கொடுத்ததோ பழைய பிரிவுக்கு. சறுக்குத் தடங்களின் குறுக்கே கல்வழிகளை மீண்டும் அமைக்காமலும் நரியைக் கட்டுப்படுத்தாமலும் இருந்தால், கொண்டுவந்த பல்வகைமையும் அதே கணக்கின்படி கரைந்துபோகும்.

மரபணு எவ்வளவு வளமாக இருந்தாலும் உதவாத ஆபத்தும் ஒன்று உண்டு. 2017, 2018 கோடைகளில் வறட்சியால் போகாங் அந்துப்பூச்சிகளின் வரத்து படுத்துவிட்டது. வசந்தத்தில் பாலூட்டும் தாய்களுக்குப் போதிய உணவு கிடைக்காமல், பையிலிருந்த குட்டிகள் இறந்திருந்ததைக் களப் பணியாளர்கள் கண்டார்கள். அந்தப் பூச்சி புழுவாக வளர்வது குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் சமவெளிகளில். சிலவற்றுக்கு மலைவரை பயணம் 1,000 கிலோமீட்டர். ஆகவே இந்தப் போசத்தின் நிலவமைப்பை வரையும்போது பாறைக் குவியல்களோடு நிறுத்தினால் போதாது. அதன் ஒரு விளிம்பு அந்தத் தொலைதூரப் புல்வெளிகளில் இருக்கிறது.

---

பாறைமுகடு எழுதியது:

ஐயவாதி அவர்கள் கேட்ட "எவ்வளவு மிஞ்சும்" என்பதற்கு அளவிடத்தக்க விடை உண்டு. 1996 முதல் சேகரித்த திசு மாதிரிகளில் காணப்படும் புல்லருக்கே உரிய வகைகளை, இன்று பிடிபடும் போசங்களில் எண்ணினால் போதும். தலைமுறைக்குத் தலைமுறை ஹோதம் பங்கு எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் அதிலேயே தெரியும். தேவையானால் அடுத்த முறை கொண்டுவரும் ஆண்களின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைக்கலாம்.

போகாங் பூச்சி பற்றி ஆல்பைன்வாசி அம்மா எழுதியதை விரித்துத் தனி இழையாகத் தொடங்கினால் நன்றாக இருக்கும். வறட்சிக் காலத்தில் எண்ணிக்கை மீண்டும் சரிந்தால் கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன 5 விழுக்காட்டுக் கணக்கு எந்த ஆண்டில் திரும்பவும் தொடங்கும் என்பதை அங்கே போட்டுப் பார்க்கலாம்.